திடீர்னா எவ்வளவு நேரம்?

குற்றாலத்துல தண்ணி எக்கச்சக்கமா வந்துச்சுன்னா மறுநாள் பேப்பர்ல ஒரு வார்த்தை தவறாம இருக்கும். தமிழ்ப் பேப்பரா இருந்தா 'திடீர் வெள்ளம்'. இங்கிலீஷ் பேப்பரா இருந்தா 'ஃப்ளாஷ் ஃப்ளட்'. நம்ம ஊர் ஆலங்குளம். தென்காசி ரோட்டுல பஸ் ஏறினா ஒரு மணி நேரத்துக்குள்ள குற்றாலம் போயிடலாம். அதனால இந்த ரெண்டையும் சின்ன வயசுல இருந்தே பார்த்துட்டு வர்றேன். ஆனா அந்த 'திடீர்'ங்கிறதுக்கும் 'ஃப்ளாஷ்'ங்கிறதுக்கும் உள்ள என்ன இருக்குன்னு நோண்டிப் பார்க்க ஆரம்பிச்சது 2024 மே 17க்கு அப்புறம்தான். அன்னைக்கு பழைய குற்றாலம் அருவியில குளிச்சிட்டு இருந்த கூட்டத்து மேல மலைத்தண்ணி வந்து இறங்கிடுச்சு. படிக்கட்டு வழியா ஜனங்க ஓடுற வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீங்க. 17 வயசுப் பையன் ஒருத்தன் அடிச்சிட்டுப் போய் இறந்துட்டான். எல்லாச் செய்தியிலயும் 'திடீர்', 'திடீர்', 'திடீர்'.

பொட்டி தட்டுற பொழப்புல இருக்கிறவனுக்கு எதுக்குடா இந்த அகராதி வேலைன்னு கேட்டீங்கன்னா... என்ன செய்ய, ஆசை யாரை விட்டுச்சு. :-)

முதல்ல ஃப்ளாஷ். நம்ம எல்லாருக்கும் ஃப்ளாஷ்னா வெளிச்சம். கேமரா ஃப்ளாஷ், மின்னல் வெட்டு. அதனால ஃப்ளாஷ் ஃப்ளட்னா மின்னல் மாதிரி வர்ற வெள்ளம்னு தான் நினைப்போம். 'மின்னல் வெள்ளம்'னே சில பேர் மொழிபெயர்த்தும் பார்த்திருக்கேன். விஷயம் தலைகீழ். இங்கிலீஷ்ல அந்த வார்த்தை பிறந்ததே தண்ணியில தான். பழைய இங்கிலீஷ்காரன் கரையில அலை 'சளார்'னு அடிக்கிற சத்தத்துக்கு வச்ச பேரு அது. வெளிச்சம்ங்கிற அர்த்தம் பல வருஷம் கழிச்சு, பதினாறாம் நூற்றாண்டு வாக்குல தான் வந்து ஒட்டிக்கிச்சு. தேம்ஸ் நதியில அந்தக் காலத்துல படகு போறதுக்கு ஒரு ஏற்பாடு வச்சிருந்தாங்க. நம்ம ஊரு அணைக்கட்டு மாதிரி குறுக்க ஒரு தடுப்பு. அதுல பலகைகளை உருவிட்டா தேங்கின தண்ணி மொத்தமா பாயும், அந்தப் பாய்ச்சலோட படகும் கீழ இறங்கிடும். அந்தப் பாய்ச்சலுக்கு பேரும் ஃப்ளாஷ் தான். ஆக வெள்ளத்துக்கு ஃப்ளாஷ்னு சொல்றது மின்னல்கிட்ட கடன் வாங்கினது இல்லை. சொல்லப்போனா மின்னல் தான் தண்ணிகிட்ட கடன் வாங்கியிருக்கு.

இது தெரிஞ்சதும் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம். ஏன்னா நம்ம 'திடீர்' இருக்கு பாருங்க, அதுவும் சத்தம் தான். திடும், திடுதிடு, திடீர் எல்லாம் ஒரே குடும்பம். சட்டுனு, பட்டுனு, டக்குனு, படக்குனு, வெடுக்குனு, விருட்டுனு, சடார்னு, பொசுக்குனு, திடுதிப்புனு... ஒண்ணொண்ணா எடுத்து வாயில சொல்லிப் பாருங்க. எல்லாமே ஒரு சத்தம், அதுக்குப் பின்னால ஒரு 'என்று'. 'என்று'ன்னா சொல்லி. அதாவது தமிழ்ல ஒரு விஷயம் திடீர்னு நடக்கல, 'திடீர்'னு சொல்லிக்கிட்டு நடக்குது. கண்ணு பார்க்கிறதுக்கு முன்னால காது கேட்டுடுது. மலையாளத்துக்காரங்களும் இதே பழக்கம் தான். 'பெட்டெந்நு'ன்னு சொல்வாங்க, அதுவும் சத்தம் கூட்டல் என்று. எங்க பக்கத்துல செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூர், அப்புறம் திரு-கொச்சின்னு அந்தப் பக்கத்துக் கணக்குல இருந்த ஊர். அங்க உள்ள பெரியவங்க பேச்சுல ரெண்டும் கலந்து வரும், கேட்க நல்லா இருக்கும்.

இங்கிலீஷ்காரன் பொதுவா அப்படி இல்லை. அவனோட திடீர் வார்த்தைகள்ல பாதி லத்தீன்ல இருந்து இறக்குமதி. அதோட வேரைப் பார்த்தா ஒவ்வொண்ணும் ஒரு காட்சி. 'அப்ரப்ட்'னா முறிஞ்சு விழுந்தது. மலை விளிம்பு சட்டுனு முறியுமே, அது. 'பிரெசிபிடேட்'னா தலை முன்னால, அதாவது நம்ம பாஷையில தலைகுப்புற. செங்குத்துப் பாறைக்கு 'பிரெசிபிஸ்'னு பேரு வந்ததும் இதுல இருந்து தான். வானிலை ஆசாமிங்க மழையை 'பிரெசிபிடேஷன்'ங்கிறதும் இதே வேர்: தலைகுப்புற விழுறது. 'ரேபிட்'னா வாரிக்கிட்டுப் போறது, பறிக்கிறது. எங்க ஆச்சி 'வெள்ளம் வாரிட்டுப் போயிட்டு'ன்னு சொல்லும்போது அந்த லத்தீன் வேரைத் தான் தெரியாம சொல்லிட்டு இருந்திருக்கா. 'சடன்' இருக்கே, அதோட மூலம் திருட்டுத்தனமா அடியில நுழைஞ்சு வர்றது. 'கேட்டரேக்ட்'னா கிரேக்கத்துல கீழ பாய்ந்து விழுறது. அருவிக்கும் அதே பேரு, கண்ணுல திரை விழுறதுக்கும் அதே பேரு.

எல்லாத்தையும் விட விநோதம் 'டோரென்ஷியல்'. கனமழைக்கும் காட்டாத்து வெள்ளத்துக்கும் சொல்ற வார்த்தை. இதோட வேர் எரிக்கிறது, காய வைக்கிறது! கொதிக்கிற தண்ணி மாதிரி நுரைச்சுக்கிட்டு வர்றதால அந்தப் பேரு வந்துச்சுன்னு சொல்றாங்க. கொளுத்துற வெயிலுக்குச் சொல்ற 'டோரிட்' இதுக்கு அண்ணன் தம்பி. வெயில் கொளுத்துற மே மாசத்துல தான் அந்தப் பழைய குற்றாலம் வெள்ளமும் வந்துச்சுங்கிறது வெறும் தற்செயல்.

இதைப் படிச்சிட்டு குற்றாலம் பேரருவியை நினைச்சுப் பாருங்க. முறிஞ்ச பாறை, தலைகுப்புற விழுற தண்ணி, வாரிட்டுப் போற வேகம், கொதிக்கிற நுரை. இங்கிலீஷ்ல வேகத்துக்கும் திடீருக்கும் இருக்கிற பெயரடைகள்ல பாதியை அந்தப் பாறையில வரிசையா எழுதி வைக்கலாம். 1792ல தாமஸ் டேனியலும் வில்லியம் டேனியலும் நம்ம சீமைக்கு வந்து பாபநாசம், குற்றாலம் அருவிகளை வரைஞ்சாங்க. அப்புறம் கம்பெனிக்காரங்க குற்றாலத்துல ஜாதிக்காயும் கிராம்பும் போட்டாங்க, வெள்ளைக்கார துரைமாருங்க ஓய்வெடுக்க வந்தாங்க. அவங்க இந்த அருவியைப் பார்த்து ஊருக்கு கடுதாசி எழுதும்போது வேற எந்த வார்த்தையைப் போட்டிருக்க முடியும்?

நம்ம ஆளு எப்படிச் சொன்னாருன்னும் பார்க்கணும்ல. மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர், குற்றாலக் குறவஞ்சி, பதினெட்டாம் நூற்றாண்டு. மேலகரம் தென்காசியில இருந்து குற்றாலம் போற வழியில இருக்கு. அவரு தேனருவியைச் சொல்லும்போது வேகமான அருவி, பயங்கரமான அருவின்னு அடைமொழி போட்டுட்டு இருக்கல. அலை எழும்பி வானத்து வழியில ஓடுது, அதுல சூரியனோட தேர்ச்சக்கரமும் குதிரைக் காலும் வழுக்குதுன்னுட்டாரு. உலகத்துலயே வேகமான வண்டி அது தான், அதுக்கே சறுக்குதுன்னா தண்ணி எப்படின்னு நீயே கணக்குப் போட்டுக்கோன்னு விட்டுட்டாரு மனுஷன்.

இதுக்கு இலக்கணக் காரணமும் இருக்கு. நெல்லைச் சீமையில இடையன்குடியில உட்கார்ந்து வேலை பார்த்த கால்டுவெல், 1856ல வந்த ஒப்பிலக்கணத்துல இதைத் தொட்டிருக்கார். இங்கிலீஷ்ல இருக்கிற மாதிரி தனியா ஒரு பெயரடை இனம் திராவிட மொழிகள்ல இல்லை, பண்புப் பெயரும் பெயரெச்சமும் தான் அந்த வேலையைச் செய்யுதுன்னு அவரோட வாதம். அது முழுக்க சரியான்னு மொழியியல் ஆளுங்க இன்னும் சண்டை போட்டுக்கிட்டு இருக்காங்க. நாம அதுக்குள்ள போக வேண்டாம். ஆனா ஒண்ணு நிச்சயம், தொல்காப்பியர் கணக்கே வேற. அவர் உரிச்சொல்லுனு ஒரு பெட்டி வச்சிருக்கார். அதுல வேகத்துக்கு கதழ்வு, துனைவுன்னு ரெண்டு சொல்லைப் போட்டு, ரெண்டுக்கும் விரைவு தான் பொருள்னு சொல்லிட்டுப் போறார். கதழ்வும் துனைவும் இப்ப யாருக்கும் தெரியாது, 'விரைவு' மட்டும் தப்பிச்சு அரசு விரைவுப் போக்குவரத்துக் கழகம் வரைக்கும் வந்துடுச்சு. விளக்கம் சொல்ல வந்த வார்த்தை உயிரோட இருக்கு, விளக்கப்பட்ட ரெண்டும் காலி!

அதே உரியியல்ல 'கடி'ன்னு ஒரு சொல். இதுக்கு ஒரு பத்து அர்த்தம் சொல்றார். அதுல ஒண்ணு காப்பு, இன்னொண்ணு விரைவு. காவலும் வேகமும் ஒரே சொல்லுலயா? கட்டிக் காக்கிறது ஒரே இடத்துல நிக்கிறது, வேகம்னா ஓடுறது. ரொம்ப நாளா எனக்கு இது புரியாத புதிர். இங்கிலீஷ் 'ஃபாஸ்ட்' என்ன சொல்லுதுன்னு பார்த்தப்ப தான் விளங்குச்சு. ஃபாஸ்ட்னா முதல்ல அசையாதது, இறுக்கமானதுன்னு தான் அர்த்தம். பெல்ட்டை 'ஃபாஸன்' பண்ணுங்கன்னு ப்ளைட்ல சொல்றது அந்த அர்த்தம். ஆழ்ந்து தூங்குறவனை 'ஃபாஸ்ட் அஸ்லீப்'ங்கிறது அந்த அர்த்தம். சாயம் போகாத துணிக்கும் அதே வார்த்தை தான். இறுக்கமா, விடாப்பிடியா ஓடுறதுன்னு போய், அங்க இருந்து வேகமா ஓடுறதுன்னு ஆயிடுச்சு. நம்ம 'கடு'வும் அந்த வழியில தான் போயிருக்கும்னு எனக்குத் தோணுது. கடுமைன்னா கெட்டி, உக்கிரம். அதுவே சங்கப் பாட்டுல கடுந்தேர்னு வந்தா வேகமான தேர். கடுகிப் போனான்னா விரைஞ்சு போனான். ஆயிரக்கணக்கான மைல் தள்ளி, சம்பந்தமே இல்லாத ரெண்டு மொழி, ஒரே பாதையில நடந்திருக்கு. பேராசிரியர்கள் யாராவது இதை ஏற்கனவே எழுதியிருக்கலாம். நான் கண்டுபிடிச்சப்ப ராத்திரி மணி பன்னெண்டரை, எழுப்பிச் சொல்ல ஆள் இல்லை.

'குயிக்'கும் இதே மாதிரி ஒரு ஆச்சரியம். குயிக்னா முதல்ல உயிருள்ளது. பாதரசத்துக்கு 'குயிக்சில்வர்'னு பேரு வந்தது உயிருள்ள வெள்ளிங்கிற அர்த்தத்துல. எங்க ஊர்ல சுறுசுறுப்பான பையனை 'துடியான பய'ம்பாங்க. துடிப்புன்னா நாடி. நாடி அடிக்குதுன்னா உயிர் இருக்கு, உயிர் இருக்கிறவன் தான் வேகம். 'பிரேக்நெக்'னு இங்கிலீஷ்ல ஒண்ணு, கழுத்து முறியுற வேகம். நமக்குத் தலைதெறிக்க. ஆக மொத்தம் ரெண்டு ஊர்லயும் ஓடுறவனோட கழுத்துக்கு மேல தான் ஆபத்து.

அப்ப வேகம், சீக்கிரம், துரிதம், தீவிரம், அவசரம்? எல்லாம் வடமொழியில இருந்து வந்து நம்ம வீட்டுத் திண்ணையில நிரந்தரமா உட்கார்ந்தது. அவசரம் மட்டும் ஒரு கதை. மூலத்துல அதுக்கு சமயம், தருணம்னு தான் அர்த்தம். தெலுங்குல தேவை ஆயிடுச்சு. நம்மகிட்ட வந்து பரபரப்பு ஆயிடுச்சு. ஒரே தருணம், தெலுங்குக்காரனுக்குத் தேவையாவும் தமிழனுக்கு அலறலாவும் தெரிஞ்சிருக்கு. யாழ்ப்பாணத் தமிழர்கள் 'கெதியா வாங்கோ'ம்பாங்க. கதிங்கிற சொல்லை நாம 'என் கதி என்ன'ன்னு சோகமா மட்டும் வச்சிருக்கோம், அவங்க அதுல ஓட்டம் பிடிக்கிறாங்க.

அடுத்து ரயில். இங்கிலீஷ் வேக வார்த்தைகள் சாதாரண சனங்க வாயில ஏறினது பள்ளிக்கூடத்துல இல்லை, ரயில்வே ஸ்டேஷன்லன்னு நான் நம்புறேன். திருநெல்வேலியில இருந்து தென்காசி வழியா செங்கோட்டைக்கு 1903ல தண்டவாளம் வந்துச்சு. அடுத்த வருஷமே மலையைக் குடைஞ்சு புனலூர் வரைக்கும் போயாச்சு. எங்க ஆலங்குளத்துக்கு மட்டும் அன்னைக்கும் ரயில் இல்லை, இன்னைக்கும் இல்லை. பாவூர்சத்திரம் தான் போகணும். (இந்த ஆதங்கத்தைத் தனியா ஒரு நாள் கொட்டுறேன்.) மீட்டர்கேஜ் காலத்துல அந்த மலைப்பாதையில கொல்லம் மெயில் ஓடிச்சு. 'மெயில்'னா தபால் பை. அந்தப் பையை ஏத்திட்டுப் போற வண்டி சில்லறை ஸ்டேஷன்ல நிக்காது, அதனால வேகம். பை எப்படி வேகம் ஆச்சுன்னு யாரும் கேட்கல, 'மெயில் மாதிரி வந்தான்'னு சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க. 'எக்ஸ்பிரஸ்'லயும் வேகம் கிடையாது. குறிப்பிட்ட ஒரு காரியத்துக்குன்னே தனியா விட்டதுன்னு தான் அர்த்தம். குறிப்பிட்ட ஊருக்குன்னே விட்ட வண்டி வழியில நிக்காம போச்சு, வேகம் தானா வந்து ஒட்டிக்கிச்சு.

அப்புறம் எல்லா வண்டியும் எக்ஸ்பிரஸ் ஆனதும் 'சூப்பர்ஃபாஸ்ட்'. இதுக்கு ரயில்வே ஒரு கணக்கு வச்சிருக்கு. அகலப்பாதையில போக, வர ரெண்டு பக்கமும் சராசரி மணிக்கு 55 கிலோமீட்டர் இருந்தா சூப்பர்ஃபாஸ்ட். டிக்கெட்டுல தனிக் கட்டணம். சென்னைக்குப் போற நம்ம பொதிகை அந்த வகை. 55 கிலோமீட்டருக்கு 'அதிவிரைவு'ன்னு தமிழ்ல பலகை வைக்கும்போது தொல்காப்பியர் என்ன நினைச்சிருப்பாரோ... பெயரடை விலைக்கு விற்கப்படுறதுன்னா இது தான். அந்தக் காலத்து டிரங்க் கால் கதையும் இதே: ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங். சாவுச் செய்திக்கு லைட்னிங் கால் போடலாமான்னு வீட்ல பெரியவங்க யோசிப்பாங்களாம், ஏன்னா அது சாதா காலைப் போல பல மடங்கு காசு.

பஸ்ஸுக்கும் ஒரு வரி. 1980ல நீண்டதூர பஸ்ஸுக்குன்னு வந்தது திருவள்ளுவர் போக்குவரத்துக் கழகம். 1997ல தலைவர்கள் பேரையெல்லாம் எடுத்தப்ப அது அரசு விரைவுப் போக்குவரத்துக் கழகம் ஆச்சு. அதாவது புலவர் இறங்கிட்டாரு, பண்பு ஏறிடுச்சு.

திடீருக்கு வர்றேன். இது ஒலிக்குறிப்பா இருந்த வரைக்கும் 'என்று' துணை இல்லாம நடமாடாது. இருபதாம் நூற்றாண்டுல பத்திரிகைகளும் விளம்பரங்களும் அதை இங்கிலீஷ் பெயரடை மாதிரி தனியா நிறுத்தி பெயர்ச்சொல் முன்னால வச்சாங்க. திடீர் மரணம், திடீர் சோதனை, திடீர் திருப்பம், திடீர் சாம்பார். மதுரையிலயும் சென்னையிலயும் திடீர் நகர்னே குடியிருப்புகள் இருக்கு. ஒரு ராத்திரியில முளைச்ச குடிசைங்கன்னு மத்தவங்க வச்ச பேரு. அங்க பொறந்து வளர்ந்தவங்களுக்கு அதுல என்ன திடீர் இருக்கு? பொழப்பு இல்லாம ஊரை விட்டுக் கிளம்பினது, இடம் தேடினது, துரத்தப்பட்டதுன்னு அவங்களுக்கு வருஷக்கணக்கான கதை இருக்கும். பார்த்துட்டு இருந்தவனுக்கு மட்டும் தான் அது திடீர்.

எனக்கு உறுத்துறது இந்த இடம் தான். 'திடீர்'ங்கிறது நடந்ததைப் பத்திச் சொல்ற மாதிரி இருக்கும், உண்மையில அது பார்த்தவனோட நிலைமையைச் சொல்லுது. அவனுக்கு முன்கூட்டித் தெரியல, அவ்வளவு தான்.

வானிலைக்காரங்க இதுல நம்மளை விட உஷார். அவங்க பெயரடைக்கு நம்பர் வச்சிருக்காங்க. மழை பெய்ஞ்சு சாதாரணமா ஆறு மணி நேரத்துக்குள்ள வர்ற வெள்ளத்தைத் தான் ஃப்ளாஷ் ஃப்ளட்னு சொல்றாங்க. கவனிங்க, ஆறு நிமிஷம் இல்லை, ஆறு மணி நேரம் வரைக்கும். குற்றாலம் மாதிரி செங்குத்தான சின்ன நீர்ப்பிடிப்புல அந்த நேரம் ரொம்பக் குறையும். ஆனா பூஜ்யம் ஆகாது. மேல செண்பகாதேவிக்கு அந்தப் பக்கம் காட்டுக்குள்ள கொட்டுற மழை, பாறை பாறையா இறங்கி, பொங்குமாங்கடல்ல விழுந்து பொங்கி, அதுக்கப்புறம் தான் பேரருவியா நம்ம தலையில விழுது. கீழ வெயிலடிக்கும். எண்ணெய் தேய்ச்சுட்டு வரிசையில நிக்கிறவனுக்கு மேல பெய்யுற மழை தெரியாது. அதனால அவனுக்குத் திடீர். 2020 அக்டோபர்ல இந்தியா, நேபாளம், பூட்டான், வங்கதேசம், இலங்கை நாடுகளுக்கெல்லாம் சேர்த்து திடீர் வெள்ள வழிகாட்டு அமைப்புன்னு நம்ம வானிலைத் துறை ஒண்ணு ஆரம்பிச்சது. ஆறு மணி நேரத்துக்கு முன்னால அச்சுறுத்தல், இருபத்து நாலு மணி நேரத்துக்கு முன்னால ஆபத்து வாய்ப்புன்னு சொல்றதுக்கு. பேரு என்னவோ 'திடீர்' வெள்ளம், வேலை என்னவோ அந்தத் 'திடீரை' எடுத்துட்டுப் போறது.

'ரேபிட்'டுக்கும் நம்பர் இருக்கு. ஒரு புயலோட காற்று வேகம் 24 மணி நேரத்துல 30 நாட், அதாவது சுமார் 55 கிலோமீட்டர் கூடிச்சுன்னா 'ரேபிட் இன்டென்சிஃபிகேஷன்'. 2017ல ஒக்கி நவம்பர் 30ஆம் தேதி குமரிக்கிட்ட மளமளன்னு புயலா மாறினப்ப, கன்னியாகுமரி, கேரள மீனவர்கள் ஏகப்பட்ட பேர் ஏற்கனவே ஆழ்கடல்ல இருந்தாங்க. கரைக்கு வர்ற எச்சரிக்கை கடலுக்குள்ள எப்படிப் போகும்? நிறைய பேர் திரும்பல. அங்க 'வேகமா'ங்கிற ஒரு வார்த்தை உயிர் விஷயம்.

தமிழ் வானிலை அறிக்கையில எனக்கு நெருடுற இன்னொரு வார்த்தையும் சொல்லிடுறேன். 'ஸ்குவாலி' காற்றுக்கு நம்ம ஆளுங்க 'சூறாவளிக்காற்று'ன்னு போடுறாங்க. மணிக்கு 35 முதல் 45 கிலோமீட்டர் வேகத்திலும் இடையிடையே 55 கிலோமீட்டர் வேகத்திலும்னு வருமே, அது. ஸ்குவால்னா காத்து சட்டுனு எகிறி, ஒரு நிமிஷமாவது நின்னு அடிச்சு, அடங்குறது. மீனவனுக்கு ரொம்ப முக்கியமான தகவல் அந்தச் 'சட்டுனு' தான். ஆனா சூறாவளின்னு படிக்கிற நமக்கு புயல் தான் ஞாபகத்துக்கு வருது. கேள்விப்பட்டுக் கேள்விப்பட்டு, ஒண்ணும் நடக்காம, அந்த வார்த்தையே தேஞ்சு போச்சு. கரையில இருக்கிறவங்களுக்கு இதுக்கு நல்ல சொல் கட்டாயம் இருக்கும். அதை எடுத்து அறிக்கையில போட்டா என்ன?

2023 டிசம்பர் 17, 18ல தெற்குல கொட்டினது ஞாபகம் இருக்கும். காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர். திருச்செந்தூர்ல இருந்து சென்னைக்குக் கிளம்பின செந்தூர் எக்ஸ்பிரஸ், சுமார் 800 பேரோட ஸ்ரீவைகுண்டத்துல நிறுத்தப்பட்டுச்சு. முன்னால தண்டவாளத்துக்கு அடியில ஜல்லியை எல்லாம் தண்ணி அரிச்சிடுச்சு. மூணாவது நாள் தான் எல்லாரையும் மீட்டு அனுப்ப முடிஞ்சது. எக்ஸ்பிரஸ்னு பேரு இருந்தும் நின்னதால தான் அத்தனை பேரும் பிழைச்சாங்க.

குற்றாலத்துக்கே திரும்பிடலாம். பேரருவியில ஒரு பாதுகாப்பு வளைவு இருக்கு, ஆர்ச்னு சொல்வாங்க. தண்ணி அதைத் தாண்டி விழுந்தா குளிக்கத் தடை. எனக்கு அந்த ஆர்ச் பிடிக்கும். அதுல திடீரும் கிடையாது, ஃப்ளாஷும் கிடையாது. தாண்டிடுச்சா இல்லையா, அவ்வளவு தான். சின்னப் பிள்ளை கூட பார்த்துச் சொல்லிடும்.

ஆர்ச் இல்லாத இடத்துல பழைய ஆளுங்க வேற கணக்கு வச்சிருந்தாங்க. தெளிஞ்ச தண்ணி செம்மண் நிறத்துக்கு மாறும். சருகும் சுள்ளியும் மிதந்து வரும். இரைச்சல் கனக்கும். எங்க ஆச்சி குளிக்கக் கூட்டிட்டுப் போனா அருவியில பாதிக் கண்ணு, தண்ணி நிறத்துல பாதிக் கண்ணு வச்சிருப்பா. 'ஏல, கலங்கல் வருது, மேல ஏறு'ம்பா. நாங்க 'இன்னும் கொஞ்ச நேரம் ஆச்சி'ன்னு கெஞ்சுவோம். கலங்கல்ங்கிறது வேகத்தைப் பத்தின வார்த்தையே இல்லை. நிறத்தைப் பத்தினது. ஆனா அது வந்துட்டு இருக்கிறதைச் சொல்லுது, திடீர் மாதிரி வந்து முடிச்சதைச் சொல்லல. வானிலைத் துறை ஆறு மணி நேரம் முன்னால சொல்றதை, கடைசி சில நிமிஷத்துல சொல்ற வார்த்தை அது. குற்றாலத்து அறிவிப்புப் பலகையில தடைன்னு எழுதுற இடத்துல 'தண்ணி கலங்கலா மாறினா உடனே மேல ஏறுங்க'ன்னு ஒரு வரி இருந்தா வெளியூர்ல இருந்து வர்ற பிள்ளைங்களுக்கும் விளங்கும்.

எங்க பக்கம் வேகத்துக்கு 'சுருக்கா', 'வெரசா', மெதுவுக்கு 'பைய'. பைய திருக்குறள்லயே இருக்கிற சொல், ஆனா சென்னையில போய் 'பைய போங்க'ன்னா ஆட்டோக்காரர் பையை எடுத்துக் கொடுக்கிறாரு. ஆத்துல, ஓடையில, கடல்ல இப்படி வந்துட்டு இருக்கிற தண்ணிக்கும் காத்துக்கும் உங்க ஊர்ப் பக்கம் என்ன சொல்வாங்க? கொங்கு, தஞ்சை, யாழ்ப்பாணம், குமரின்னு எந்த ஊரா இருந்தாலும் சரி. குறிப்பா நெய்தல் கரை ஆளுங்க, அந்த ஸ்குவாலுக்கு உங்ககிட்ட உள்ள பேரைச் சொல்லிட்டுப் போங்க மக்கா.